ஆந்திர கேசரி பிரகாசம்

ஆற்றின் குறுக்கே பாலம் அமைத்தலையும், வழிச் செல்வார்க்குச் சாவடி எடுத்தலையும், நீர்ப்பந்தல் வைத்தலையும் நம் முன்னோர் ஒரு தன்மையவாகிய அறங்கள் எனக் கொண்டனர். குடகனாற்றிலும் சந்தனவர்த்தினியிலும் வெள்ளம் பெருகுங்கால் அக்கரை நின்றார் படும் இடர் நம் திண்டுக்கல் நாட்டார் அறியாததன்று. ஆதலின் பாலமொன்றிற்கு ஒருவர் பெயரை இடுதல் கோபுரம் எடுப்பதினும் குறைந்த சிறப்பாகாது. அச்சிறப்பினைப் பெற்ற வழக்கறிஞர் ஒருவர் வரலாற்றைச் சங்க அன்பர்களும் அவர்தம் மக்களும் அறிதல் நலம். அவரே ஆந்திர கேசரி என்னும் பட்டம் பூண்ட டங்குட்டூரி பிரகாசம் ஆவர்.

அவர் 1872-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 23-ஆம் நாள் ஒங்கோலை அடுத்த வினோதராயுனிபாலம் என்னும் சிற்றூரிற் பிறந்தார். பதினோராம் அகவையிலே தந்தையை இழந்தார். அன்னையார் சுப்பம்மாள் ஒங்கோலில் உணவு விடுதி நடத்தி, அவ்வருவாயால் மக்களைக் காப்பாற்றினார். பிள்ளையின் அறிவுக் கூர்மையைக் கண்ட ஆசிரியர் இம்மனேனி அனுமந்தராவ் நாயுடு, அவரைத் தம்முடன் இராஜமகேந்திரபுரத்திற்கு அழைத்துச் சென்று கல்வி பயிற்றினார். அடுப்படியில் வெந்த தாயின் உழைப்பும், தம் மாணவனை மகனெனப் பேணிய ஆசிரியரின் அன்பும் இல்லையேல் பிற்காலத்துப் பிரகாசம் இல்லை.

சென்னையிற் சட்டம் பயின்று, இராஜமகேந்திரபுரத்தில் இரண்டாந்தர வக்கீலாகத் தொழில் தொடங்கினார். ஊரார் நன்மதிப்பைப் பெற்று, முப்பத்திரண்டு அகவை நிரம்புமுன் அந்நகராட்சித் தலைவருமானார். ஆயினும் இரண்டாந்தர வக்கீல்கள் உயர்நீதிமன்றத்தில் வாதிட இயலாமை அவர் உள்ளத்தை உறுத்தியது. அதனால் 1904-இல் இங்கிலாந்து சென்று பாரிஸ்டராகித் திரும்பிச் சென்னையில் அமர்ந்தார். வழக்குகள் வந்து குவிந்தன. செல்வமும் உடன் குவிந்தது.

இங்ஙனம் உயர்ந்த நிலையில் இருந்தவர், 1921-இல் காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கத்தின் பொருட்டுத் தொழிலைத் துறந்தார். தொழிலைத் துறந்ததோடு அமைந்தாரல்லர். ஈட்டிய பொருளையும் சுயராஜ்யா என்னும் நாளிதழில் இட்டார். அது ஆங்கிலம், தெலுங்கு, தமிழ் ஆகிய மும்மொழியிலும் வெளிவந்தது. இதழ் நட்டமே தந்து பின்னர் நின்றது, அவரும் வறியரானார். 1928 பிப்ரவரியில் சைமன் குழுவை எதிர்த்துச் சென்னையிற் கூடிய மக்கள் மீது போலீசார் சுட்டபோது, சட்டையைத் திறந்து மார்பைக் காட்டித் துப்பாக்கி முனைக்கு எதிரே நின்றார். கேசரி என்னும் பட்டம் அதனால் வந்தது.

1937-இல் இராஜாஜி அமைச்சரவையில் வருவாய்த்துறை பூண்டு, ஜமீன் குடிகளின் குறைகளை ஆராய்ந்த குழுவிற்குத் தலைமை தாங்கினார். 1946 ஏப்ரலில் சென்னை மாகாண முதலமைச்சரானார். அக்காலை மதுரை ஜில்லாவைச் சேர்ந்திருந்த நம் திண்டுக்கல்லும் அவர் ஆட்சிக்கு உட்பட்டதே. புதிய நூலாலைகளைத் தடுத்துக் கைராட்டையையும் கதரையும் வளர்க்க அவர் வகுத்த திட்டம் பெரும் பூசலை விளைத்தது. ஆலையையும் தறியையும் ஒருங்கே நம்பிய நம் நாட்டில் இருவகைக் கருத்தும் எழுதல் இயல்பு. கட்சிக்குள்ளேயே எதிர்ப்பு வலுக்க, 1947 மார்ச்சில் அவர் பதவி நீங்கினார்; ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் அப்பொறுப்பை ஏற்றார்.

பின்னர்ச் சென்னை நகர் ஆந்திரத்தைச் சேர வேண்டுமென அவர் வாதாடினார். தமிழராகிய நாம் அதனை ஏற்றிலோம். நகரும் நம்மிடமே நின்றது. எனினும் எதிர்வாதம் செய்த வக்கீலின் திறத்தை மறுத்துரைத்தல் சான்றோர் வழக்கன்று. தம் மக்களுக்காகத் தாம் நம்பியதை அஞ்சாது வாதித்தார் என்று மதித்தலே முறை.

1953 அக்டோபர் முதல் நாள் தோன்றிய ஆந்திர மாநிலத்தின் முதல் முதலமைச்சராக அவர் பொறுப்பேற்றபோது அகவை எண்பத்தொன்று. கிருஷ்ணையாற்றின் குறுக்கே விஜயவாடாவில் 1855-இல் முடிந்த பழைய அணை 1952-இல் உடைந்துபோயிருந்தது. கழனிகள் நீரின்றி வாடும் நிலையில், அவர் ஆட்சிக் காலமாகிய 1954-இல் புதிய அணை வேலை தொடங்கியது. அவ்வாண்டு நவம்பரிலேயே ஒரே ஒரு வாக்குக் குறைவால் அவர் ஆட்சி வீழ்ந்தது. வேலை வீழவில்லை. எழுபது கண்களும், ஏறத்தாழ 1,220 மீட்டர் நீளமும், மேலே சாலையும் உடையதாய் அவ்வணை 1957-இல் முற்றுப்பெற்றது. ஆயின் அவ்வாண்டு மே 20-ஆம் நாளே பிரகாசம் ஐதராபாத்தில் உயிர் நீத்துவிட்டார். அணைக்கு அவர் பெயர் இடப்பட்டது. ஒங்கோல் மாவட்டமும் 1972-இல் பிரகாசம் மாவட்டமாயிற்று.

அணையாய் நீரைத் தேக்குவதும், பாலமாய் மாந்தரைக் கடத்துவதும் ஆகிய இருதொழிலும் அக்கட்டடம் செய்கின்றது. விஜயவாடாவையும் குண்டூர்ச் சீமையையும் அது இணைத்தது. தாம் தேக்கிய செல்வத்தைப் பிறர்க்குப் பாயவிட்டவர்க்கு இதனினும் பொருத்தமான நினைவுச் சின்னம் யாதுளது?

நம் இளைஞர் பலர் இந்நாளிற் சட்டம் பயில்கின்றனர். பொருளீட்டுதல் இழுக்கன்று, இல்லறத்திற்கு அது வேண்டுவதே. ஆயின் ஈட்டிய பொருள் எக்கரையிலே நின்றுவிடுகின்றது, யார்யாரை அக்கரை சேர்க்கின்றது என்று அவர்கள் ஆண்டுதோறும் தம்மைத் தாமே வினவிக் கொள்வாராக. பெற்றோரும் அவ்வினாவை அவர்க்கு நினைவூட்டுவாராக.