முதல் குடில் அமைத்தவர்

அரையாண்டுத் தேர்வு முடிந்து விடுமுறை தொடங்கியதும் நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் பல வீட்டுப் பிள்ளைகள் வைக்கோல் தேடிக் கிளம்பிவிடுவார்கள். மாட்டுக்கு அல்ல, கிறிஸ்துமஸ் குடிலுக்கு! விராலிமலைப் பக்கம் இருக்கும் ஆவூர் போன்ற பழைய கிறிஸ்தவ ஊர்களில் கோயிலில் மட்டுமல்ல, வீட்டுத் திண்ணையிலும் குடில் இருக்கும். அட்டைப்பெட்டியில் சுவர், தென்னங்கீற்றில் கூரை, மூங்கில் குச்சியில் வண்ணத்தாள் ஒட்டிய நட்சத்திரம். உள்ளே குழந்தை இயேசு, மரியாள், சூசையப்பர், மாடு, கழுதை, ஆடுகள். நீங்கள் எந்த மதத்தைச் சேர்ந்தவராக இருந்தாலும் வகுப்புத் தோழன் வீட்டில் இதைப் பார்த்திருப்பீர்கள். பசை தடவிக் கொடுத்துக் கூடமாட உதவியும் இருப்பீர்கள்.

இந்தக் குடில் வழக்கம் பரவக் காரணமாக இருந்தவர் யார் தெரியுமா? கையில் ஒரு காசுகூட வைத்துக்கொள்ளாத ஒருவர்! அவர் பெயர் பிரான்சிஸ்.

இத்தாலி நாட்டில் அசிசி என்று ஒரு மலை நகரம். அங்கே 1181 அல்லது 1182-இல் பிரான்சிஸ் பிறந்தார். அப்பா பியத்ரோ பெரிய துணி வியாபாரி. அம்மா பிக்கா. வீட்டில் பணத்துக்குப் பஞ்சமே இல்லை. பையன் விலையுயர்ந்த ஆடைகளை உடுத்தினான். நண்பர்களைக் கூட்டி விருந்து வைத்தான். இரவெல்லாம் தெருவில் பாட்டும் கூத்தும்தான். அப்பா கடைக் கணக்கைப் பார்த்து முணுமுணுத்தாலும் பிள்ளையைத் தடுக்கவில்லை.

வீரன் என்று பெயர் வாங்க வேண்டும் என்பது பிரான்சிசின் ஆசை. 1202-இல் பக்கத்து நகரமான பெருஜியாவுடன் நடந்த போருக்குக் குதிரை ஏறிப் போனார். அசிசி தோற்றது. பிரான்சிஸ் சிறைப்பட்டு ஏறத்தாழ ஓராண்டு அடைந்து கிடந்தார். வெளியே வந்த பிறகு கடும் நோய் கண்டது. எழுந்து நடமாடத் தொடங்கியபோது பழைய விளையாட்டுப் பிள்ளையாக அவர் இல்லை. தொழுநோயாளிகளைக் கண்டால் ஒதுங்கிப் போனவர், அவர்களைத் தேடிப் போய்ப் புண்களைக் கழுவினார்.

ஊருக்கு வெளியே சான் தமியானோ என்ற சிறு கோயில் இடிந்து கிடந்தது. அதைப் பழுது பார்க்கப் பணம் வேண்டுமே! அப்பாவின் கடையிலிருந்து துணிகளை எடுத்துப் போய்ச் சந்தையில் விற்றார். குதிரையையும் விற்றார். கேட்காமல் எடுத்தது தவறுதானே? அப்பாவுக்குக் கோபம் தலைக்கேறியது. பிள்ளையை வீட்டிலேயே அடைத்துப் போட்டார். அப்பா வெளியூர் போன சமயம் பார்த்து அம்மா கதவைத் திறந்துவிட்டார்.

கடைசியில் வழக்கு ஆயரிடம் போனது. ஊரே கூடியிருந்தது. பிரான்சிஸ் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். அதோடு நிற்கவில்லை. உடுத்தியிருந்த ஆடைகளையும் கழற்றி அப்பாவின் காலடியில் வைத்துவிட்டார். ஆயர் தம் மேலங்கியால் அவரை மூடினார். அன்றோடு அப்பா பிள்ளை உறவு முறிந்தது. துணிகளை வாரிக்கொண்டு தனியாக வீடு திரும்பிய அந்த அப்பாவை நினைத்தாலும் எனக்கு மனம் கனக்கத்தான் செய்கிறது.

பிறகு பிரான்சிஸ் தெருத்தெருவாகக் கல் கேட்டு வாங்கி, தாமே சுமந்து, தாமே சுவர் எழுப்பினார். ஒன்றல்ல, மூன்று கோயில்களை இப்படிச் சரி செய்தார். முதலில் சிரித்தவர்களில் சிலர் பிறகு அவரோடு சேர்ந்துகொண்டார்கள். 1209-இல் ரோமாபுரிக்கு நடந்தே போய்ப் போப்பாண்டவரிடம் அனுமதி பெற்றார்கள். பிரான்சிஸ்கன் துறவிகள் என்று இன்றும் உலகமெங்கும் இருப்பவர்கள் அந்த வழியில் வந்தவர்களே.

1219-இல் சிலுவைப் போர் நடந்துகொண்டிருந்தது. பிரான்சிஸ் எகிப்துக்குப் போனார். படை வரிசையைத் தாண்டி, ஆயுதம் எதுவும் இல்லாமல் சுல்தான் அல் கமீலைச் சந்தித்தார். சுல்தான் அவரை மரியாதையாக நடத்திப் பத்திரமாகத் திருப்பி அனுப்பினார். ஆனால் கீழை நாட்டிலிருந்து திரும்பியபோது பிரான்சிசுக்குக் கண்நோய் வந்துவிட்டது. வெளிச்சம் பட்டால் கண் கூசும், நீர் வடியும்.

இப்போது 1223-ஆம் ஆண்டுக்கு வருவோம். கிறிஸ்துமசுக்குச் சுமார் பதினைந்து நாள் இருந்தது. கிரேச்சியோ என்ற மலைக் கிராமத்தில் ஜியோவான்னி என்று ஒரு நண்பர் இருந்தார். அவரிடம் பிரான்சிஸ் ஓர் உதவி கேட்டார். பொன்னா, பட்டா, பளிங்குச் சிலையா? எதுவும் இல்லை. தீவனத் தொட்டி ஒன்று, கொஞ்சம் வைக்கோல், ஒரு மாடு, ஒரு கழுதை. அவ்வளவுதான்! பெத்லகேமில் பிறந்த குழந்தை எவ்வளவு வசதிக் குறைவில் வைக்கோல்மேல் கிடந்தது என்பதை மக்கள் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதே அவர் விருப்பம். அந்தக் காலத்தில் வழிபாடு லத்தீன் மொழியில் நடந்தது. ஆடு மேய்ப்பவருக்கும் ஏர் உழுபவருக்கும் அது எப்படிப் புரியும்? வைக்கோல் புரியுமல்லவா!

அந்த இரவு மலைப்பாதை முழுக்கப் பந்தமும் மெழுகுவர்த்தியுமாக மக்கள் வந்தார்கள். பாட்டுச் சத்தம் காட்டில் எதிரொலித்தது. மாடும் கழுதையும் உயிருள்ளவை, பொம்மைகள் அல்ல. தொட்டி அருகிலேயே வழிபாடு நடந்தது. பிரான்சிஸ் நற்செய்தியைப் பாடி, எளிய பேச்சில் விளக்கிச் சொன்னார். தொட்டியில் குழந்தை எதுவும் வைக்கப்படவில்லை. ஆனாலும் ஒரு குழந்தை தூங்குவதைத் தாம் கண்டதாக அங்கே இருந்த ஒருவர் சொன்னாராம். பின்னர் மக்கள் அந்த வைக்கோலை எடுத்துப் போய், நோயுற்ற தங்கள் கால்நடைகளுக்குக் கொடுத்ததாகவும் அவர் வரலாற்றை எழுதியவர்கள் குறித்திருக்கிறார்கள்.

அதற்குப் பின் பிரான்சிஸ் மூன்று ஆண்டுகூட வாழவில்லை. கண்நோய் முற்றியது. அக்கால மருத்துவப்படி பழுக்கக் காய்ச்சிய இரும்பால் கண்ணருகே சுட்டார்கள். பயன் இல்லை. பார்வை ஏறக்குறைய போய்விட்ட நிலையில்தான் சூரியனையும் நிலவையும் நீரையும் உடன்பிறந்தவர்களாக அழைத்து ஒரு பாடல் இயற்றினார். 1226 அக்டோபர் 3 மாலை, தம் விருப்பப்படி வெறுந்தரையில் படுத்தபடி உயிர் நீத்தார். இரண்டே ஆண்டில், 1228-இல், புனிதர் பட்டம் வழங்கப்பட்டது.

குடில் மட்டும் நிற்கவில்லை. உயிருள்ள மாட்டுக்குப் பதில் சிலைகள் வந்தன. ரோமாபுரியில் 1291 வாக்கில் அர்னோல்ஃபோ என்ற சிற்பி செய்த பளிங்கு உருவங்கள் இன்றும் இருக்கின்றன. நேப்பிள்ஸ் நகரில் சுடுமண் தலையும் கம்பி உடலுமாகப் பொம்மை செய்து பட்டு உடுத்தினார்கள். மீன்காரர், ரொட்டிக்காரர்கூடக் குடிலுக்குள் வந்துவிட்டார்கள்! பிரெஞ்சுப் புரட்சியின்போது கோயில்கள் மூடப்பட்டன. அந்த நாட்களில் தென் பிரான்சு மக்கள் வீட்டுக்குள்ளேயே சிறு குடில் வைத்தார்கள். மார்செய் நகரில் லாக்னல் என்பவர் அச்சு செய்து களிமண் பொம்மைகளை மலிவாக வார்த்தார். ஏழை வீட்டிலும் குடில் வந்தது.

நம் ஊரில் களிமண்ணுக்கா பஞ்சம்? அய்யனார் கோயில் மண்குதிரைகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் நீங்கள். குளத்து மண்ணைக் கல் நீக்கிப் பிசைந்து, ஆடு, மாடு பிடித்துப் பாருங்கள். நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் வைத்தால் வெடித்துவிடும். காலைச் சற்றுத் தடிமனாகப் பிடியுங்கள், இல்லையென்றால் கழுதை படுத்துவிடும்! குடிலைச் சுற்றிப் புல்வெளி வேண்டுமா? பத்து நாள் முன்பே கொட்டாங்கச்சியில் ஈர மண் போட்டுக் கேழ்வரகு தூவி, தினமும் தண்ணீர் தெளித்து வாருங்கள். கிறிஸ்துமசுக்குள் பச்சைப் பசேலென்று எழுந்து நிற்கும். வைக்கோல் பக்கத்தில் மெழுகுவர்த்தி மட்டும் வேண்டாம், சீரியல் பல்பு போதும். அதையும் பெரியவர்களை விட்டு மாட்டச் சொல்லுங்கள்.