பேஸ்போல் வீரர் ஹோனஸ் வாக்னர்

உள்ளங்கையில் அடங்கிவிடும் சிறியதோர் அட்டை 2022ஆம் ஆண்டு அமெரிக்காவில் 72 இலட்சத்து 50 ஆயிரம் டொலருக்கு விலைபோனது. அதில் அச்சிடப்பட்டிருப்பது ஒரு விளையாட்டு வீரரின் படம். அந்தப் படம் வெளிவருவதைத் தடுத்தவரும் அவரே. அவர்தான் ஹோனஸ் வாக்னர்.

பென்சில்வேனியா மாநிலத்தின் பிட்ஸ்பேர்க் நகருக்கு அருகில் 1874 பெப்ரவரி 24ஆம் திகதி, ஜேர்மனியிலிருந்து குடியேறிய குடும்பமொன்றில் அவர் பிறந்தார். தந்தை நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. பன்னிரண்டு வயதில் வாக்னரும் பாடசாலையை விட்டுச் சுரங்க வேலைக்குப் போனார். ஓய்வு நேரங்களில் சகோதரர்களோடு பேஸ்போல் விளையாடினார். அண்ணன் அல்பேர்ட்டின் சிபாரிசினால் 1895இல் தொழில்முறை வீரரானார். 1897இல் லூயிவில் அணியில் சேர்ந்து, 1900 முதல் பிட்ஸ்பேர்க் பைரேட்ஸ் அணிக்காக விளையாடினார்.

வளைந்த கால்களும் நீண்ட கைகளும் கொண்ட அவரைப் பார்ப்பவர்கள் சிறந்த ஓட்டக்காரர் என்று எண்ணமாட்டார்கள். ஆனால், இரண்டாம் மூன்றாம் தளங்களுக்கு இடையில் நின்று பந்தைத் தடுக்கும் ஷோர்ட்ஸ்டொப் எனும் கடினமான இடத்தில் அவருக்கு நிகராக எவருமில்லை. துடுப்பாட்டத்திலும் தேசிய லீக்கின் முதலிடத்தை எட்டு முறை பெற்றார்.

இத்தகைய வீரருக்கும் ஒரு பெருந்தோல்வி காத்திருந்தது. 1903இல் இரு லீக்குகளின் வெற்றியணிகளும் மோதிய முதலாவது உலகத் தொடரில் பிட்ஸ்பேர்க் அணி பொஸ்டனிடம் தோற்றது. வாக்னர் களத்தில் ஆறு தவறுகள் விட்டார். தொடரின் கடைசி ஆட்டமிழப்பும் அவருடையதே. அந்த அவமானத்தோடு அவர் விளையாட்டை விட்டு ஒதுங்கிவிடவில்லை. ஆறு ஆண்டுகள் உழைத்துக் காத்திருந்தார். 1909இல் பிட்ஸ்பேர்க் அணி மீண்டும் உலகத் தொடருக்கு வந்தது. எதிரணியான டெட்ரொயிட்டில் புகழ்பெற்ற டை கொப் இருந்தார். முப்பத்தைந்து வயதான வாக்னர் துடுப்பாட்டத்தில் அவரை விஞ்சி, ஓட்டத்தினால் ஆறு தளங்களையும் கைப்பற்றினார். பிட்ஸ்பேர்க் வென்றது.

அக்காலத்தில் சிகரெட் பெட்டிகளுக்குள் வீரர்களின் படங்களை வைத்து விற்பது வழக்கம். வாக்னரின் படத்தையும் ஒரு புகையிலைக் கம்பெனி அச்சிடத் தொடங்கியது. அவர் மறுக்கவே, சில அட்டைகளோடு அச்சிடுவது நின்றது. தம் படத்துக்காகச் சிறுவர்கள் புகையிலை வாங்குவதை அவர் விரும்பவில்லை என்பதே பரவலாகச் சொல்லப்படும் காரணம். பணமே காரணம் என்போரும் உண்டு. அவரிடமும் புகையிலைப் பழக்கம் இருந்தது. தம்மிடமுள்ள குறை பிள்ளைகளைத் தொற்றக் கூடாதென நினைத்திருந்தால், அந்த மறுப்பின் மதிப்பு இன்னும் கூடுகிறது.

1917இல் ஓய்வு பெற்ற வாக்னர், 1933 முதல் 1951 வரை அதே அணியின் பயிற்றுவிப்பாளராக இளையோருக்குக் கற்றுக்கொடுத்தார். 1936இல் பேஸ்போல் புகழ் மண்டபத்துக்குத் தெரிவான முதல் ஐவரில் அவரும் ஒருவர். 1955இல் பிட்ஸ்பேர்க் நகரில் அவருக்குச் சிலை எழுப்பப்பட்டது. அதே ஆண்டு டிசெம்பர் 6ஆம் திகதி அவர் காலமானார்.

மாணவச் சகோதரிகளே, பரீட்சையிலோ போட்டியிலோ ஒரு முறை சறுக்கியதும் மனமுடைந்து போகிறோம். 1903இன் தோல்வியோடு வாக்னர் நின்றிருந்தால் 1909இன் வெற்றி அவருக்குக் கிடைத்திருக்காது. பெற்றோர்களே, நம்மிடமுள்ள குறை நம் பிள்ளைகளுக்கு வழிகாட்டியாகிவிடாமல் காப்பதும் நம் கடமையல்லவா?