நாவலரவர்கள் சரித்திரமும் உணவொழுக்கமும்

மானுடப் பிறவி பெறுதற்கரியது. பெற்ற சரீரத்தைக் கருவியாகக் கொண்டே ஆன்மா சிவபெருமானை வழிபட்டு உய்தல் வேண்டும். ஆதலின் அக்கருவியை எவ்வுணவால் வளர்ப்பது என்னும் வினா சைவசமயிகளுக்குச் சிறு வினாவன்று. இக்காலத்து மாணாக்கரோ அதனை வேறொரு வகையாக வினவுகின்றனர். புலால் உண்ணாமை உடல்நலத்துக்கு ஏற்றதா, வைத்திய நூல் அதனை ஒப்புமா என்பதே அவர் கேள்வி. விடை தேடும் ஆசிரியர்கள், இவ்வொழுக்கத்தைப் பாடசாலைக்குட் கொணர்ந்த ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரவர்களது சரித்திரத்தை ஒருமுறை சிந்தித்தல் நன்று.

நாவலரவர்கள் 1822ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 18ஆந் தேதி யாழ்ப்பாணத்து நல்லூரிலே கந்தர் என்பவருக்கும் சிவகாமி அம்மையாருக்கும் புதல்வராய்த் தோன்றினார். பிள்ளைத் திருநாமம் ஆறுமுகம். தமிழை இருபாலைச் சேனாதிராச முதலியாரிடத்தும் நல்லூர்ச் சரவணமுத்துப் புலவரிடத்தும் கற்றார். ஆங்கிலங் கற்றது யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையில்; அதுவே பின்னாளில் மத்திய கல்லூரி ஆயிற்று. அதன் தலைவராயிருந்த பேர்சிவல் பாதிரியார் அவரது நுண்ணறிவைக் கண்டு அங்கேயே ஆசிரியராக அமர்த்தி, தாம் நடத்திய விவிலிய மொழிபெயர்ப்புக்குந் துணையாக்கிக் கொண்டார்.

அந்நாளில் மிஷன் பாடசாலையிற் கற்றல் நெஞ்சுக்கு மாத்திரமன்றி நாவுக்கும் ஒரு சோதனையாயிருந்தது. அமெரிக்க மிஷனார் பள்ளிகளில் முதலிற் சேர்ந்த சைவப் பிள்ளைகள் மிஷன் வளவினுள்ளே உண்ண உடன்படாமையால், அயல் வளவிலே சமையற்சாலை அமைக்க வேண்டியதாயிற்று. உணவு மாறின் சமயமும் மாறும் என்று பெற்றோர் அஞ்சினர். ஆறுமுகனாரோ பாதிரியாரோடு ஒரே மேசையிலிருந்து பல்லாண்டு வேலை செய்தும், நெற்றியில் விபூதியையும் இல்லத்திற் சைவபோசனத்தையும் விட்டாரல்லர். அவர் தம் ஒழுக்கத்தைப் பாதிரியார் மேற் பகைமையாக்கவில்லை; பாதிரியாரும் அதுபற்றி அவரை மதியாதொழியவில்லை. மிஷன் பாடசாலையிற் கற்ற அடியேன் இதனை நன்றியோடு எழுதுகின்றேன்.

1847ஆம் ஆண்டின் இறுதி நாளிலே வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். 1848இல் மிஷன் உத்தியோகத்தைத் துறந்து, வேதனமின்றிக் கற்பிக்கும் விரதம் பூண்டு, வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார். 1849இல் அச்சியந்திரம் வாங்கச் சென்னைக்குச் செல்லும் வழியில், திருவாவடுதுறை ஆதீனத்தார் அவர் பிரசங்கங் கேட்டு நாவலர் என்னும் பட்டம் அளித்தனர்.

அச்சியந்திரம் வந்தபின் அவர் பிள்ளைகளின் பொருட்டுப் பாலபாடங்களை வெளியிட்டார். நான்காம் பாலபாடத்திலே கொலை, புலாலுண்ணல், கள்ளுண்ணல் என்பவற்றுக்குத் தனித்தனியே பாடம் வகுத்தார். இங்கே ஆசிரியர்கள் ஊன்றி நோக்கற்பாலது ஒன்றுண்டு. புலால் நோய் செய்யும் என்பதை அவர் தமது கொள்கைக்கு அடிப்படையாக்கவில்லை. உயிர்களிடத்து அருளுடைமையே அவர் வைத்த அடிப்படை. உண்பார் இருப்பதனாற் கொல்வார் இருக்கின்றனர்; ஆதலிற் கொலைப்பாவம் உண்பாரையுஞ் சாரும் என்பதே அவர் நியாயம்.

அந்நியாயத்தை அவர் பிறசமயத்தார் மேல் மாத்திரம் ஏவவில்லை. கோயில்களிலே ஆடுங் கோழியும் வெட்டிப் பலியிடும் நம்மவர் வழக்கத்தையும், புலாலுண்டு சைவரெனச் சொல்லித் திரிவாரையும் வன்மையாகக் கண்டித்தார். தம் ஊர்ச் சைவரின் குறைகளை எடுத்துரைத்து யாழ்ப்பாணச் சமயநிலை என்னும் பத்திரிகையையும் வெளியிட்டார். அதனாற் பகைவரானோர் பலர். எனினும் அவர் தளர்ந்திலர்.

1876, 1877ஆம் ஆண்டுகளிலே யாழ்ப்பாணத்திற் பஞ்சமும் பேதியும் பரவின. அப்பொழுது அவர் நூற்பதிப்பையும் பிரசங்கத்தையும் ஒருபுறம் வைத்து, செல்வரிடம் பொருள் திரட்டி, வண்ணார்பண்ணையிற் கஞ்சித்தொட்டி அமைத்து ஏழைகளுக்கு உணவளித்தார். உண்ணத்தகாததைப் பற்றி அத்துணை எழுதியவர், உண்ண ஒன்றுமில்லாதவர் முன்னே முதலில் ஏந்தியது கஞ்சியை, போதனையையன்று. 1879ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 5ஆந் தேதி, ஐம்பத்தேழு வயது நிரம்புமுன் சிவபதமடைந்தார்.

இனி மாணாக்கரின் வினாவுக்கு வருவோம். பருப்பு, பயறு, கீரை, கனி, பால், தயிர் என்பன முறையே கூடிய மரக்கறியுணவு உடல்நலத்துக்குப் போதுமென இக்கால உணவுநூலார் ஒப்புகின்றனர். பதனிட்ட இறைச்சி குடற்புற்றுநோய்க்குக் காரணமாகும் என உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகம் 2015இல் முடிவு கூறியது. ஆயினும் மீனும் முட்டையும் உடலுக்குக் கேடு என வைத்தியர் கூறுகின்றிலர். பீ 12 என்னும் விற்றமின் தாவர உணவில் இயல்பாகக் கிடைப்பதன்று. பாலும் நீக்கினோர் அதனை மருந்தாகவேனும் பெறாவிடின் இரத்தக்குறைவும் நரம்புநோயும் அடைவர். சோற்றையுஞ் சீனியையும் மிகுத்துண்பவன் புலாலை நீக்கிய மாத்திரத்தால் நீரிழிவுக்குத் தப்பான். ஆகவே சைவபோசனத்தை வைத்தியத்தின் மேல் மாத்திரம் நாட்டுவோமாயின், வைத்தியர் சொல் மாறும் நாளில் அதுவுஞ் சாயும். அருளின் மேல் நாட்டியதே நிலைபெறும். வைத்தியம் அவ்வொழுக்கத்தை நோயின்றி நடத்தும் வழியைக் காட்டுவது.

நாவலரவர்கள் சரித்திரத்தில் நாம் கொள்ளலாகாத பகுதியும் உண்டு. அவர் அக்காலத்துச் சாதி வரம்பைக் கடந்தவரல்லர். அவர் வித்தியாசாலையும் அவ்வாறே. எதை உண்பது என்னும் விதியோடு, யார் கையால் உண்பது என்னும் வழக்கும் அன்று கலந்திருந்தது. முன்னது அருளிற் பிறந்தது. பின்னது செருக்கிற் பிறந்தது. அதற்கு வைத்திய நியாயமுமில்லை, சிவபெருமான் திருமுன்னே வேறு நியாயமுமில்லை.

ஊவாத் தோட்டங்களிற் கற்பிக்கும் நமக்கு இச்சரித்திரம் அணித்தானது. 2016ஆம் ஆண்டின் சுகாதாரக் கணக்கெடுப்பிலே, வயதுக்கேற்ற உயரமில்லாத பிள்ளைகள் நாடு முழுவதும் நூற்றுக்கு ஏறக்குறைய 17 பேராயிருக்க, தோட்டப்பகுதியில் 32 பேராயினர். எல்லையிலன்றி எல்ல மலைச்சாரலிலேயே, நம் கண்முன் அமர்ந்திருப்போர் அப்பிள்ளைகள். பல்லாண்டுகளுக்கு முன், அவித்த முட்டை கொணர்ந்த ஒரு பிள்ளையை அடியேன் வகுப்பிற் கடிந்துரைத்தேன். மறுநாள் அப்பிள்ளை வெறும் ரொட்டியை மறைத்து வைத்து உண்டது. முட்டைக்கு ஈடாகப் பாலோ பயறோ அவ்வில்லத்தில் இருந்ததா என யான் வினவவில்லை. அருளைக் கற்பிக்கப் புகுந்து அருளின்றி நடந்தேன் என்று உணர்ந்து நாணினேன்.

ஆதலின், ஆசிரிய நண்பர்காள், பிள்ளையின் உணவுப் பொதியைப் பார்த்து இகழாதொழிக. ரோதைமுனிக்குங் காட்டேரிக்கும் வெட்டும் பலியை நிறுத்துமாறு பெற்றோருக்கு அன்போடு சொல்லுக. ரொட்டியோடு பருப்பும், வல்லாரை பொன்னாங்காணி போன்ற கீரைகளும் சேர்க்கச் சொல்லுக. அவற்றோடு தேசிக்காய்ப் புளியோ கொய்யாக்கனியோ கூடின், உணவிலுள்ள இரும்புச்சத்து உடலிற் சேரும். உணவோடு தேநீர் பருகின் அச்சத்துச் சேருதல் குறையும். தேயிலை கொய்யும் நம் தாய்மார் இதனை அறிதல் அவசியம். சோளமும் சோயாவும் பாற்பொடியுங் கலந்த திரிபோஷா மாவில் புலாலில்லை. அதனை அஞ்சாது ஊட்டலாம். கருவுற்ற தாய்மாரையும் நோயாளரையும் விரதத்தால் வருத்தலாகாது.

இவை செய்தபின்பே புலான்மறுத்தற் பாடத்தைத் திறந்து படிப்பிக்க. பசிதீர்ந்த பிள்ளைக்கு அப்பாடம் இனிது விளங்கும். கஞ்சித்தொட்டி வைத்தவரின் வழியும் அதுவே. சிவபெருமான் திருவருள் முன்னிற்பதாக.