ஆல்பர்ட் ஹோவார்ட்

சர் ஆல்பர்ட் ஹோவார்ட் (டிசம்பர் 8, 1873 - அக்டோபர் 20, 1947) ஓர் ஆங்கிலேயத் தாவரவியலாளரும் வேளாண் அறிஞரும் ஆவார். 1905 முதல் 1931 வரை இந்தியாவில் பணியாற்றினார். பண்ணைக் கழிவுகளை மட்க வைத்து உரமாக்கும் இந்தூர் முறையை உருவாக்கியவர் என்ற வகையில் இவர் பரவலாக அறியப்படுகிறார். இயற்கை வேளாண்மையின் முன்னோடிகளுள் ஒருவராகக் கருதப்படும் இவர், இந்திய உழவர்களுக்குக் கற்பிக்க அனுப்பப்பட்டு, அவர்களிடமே கற்றுக்கொண்டவர் ஆவார். பயிரில் தோன்றும் நோயும் பூச்சியும் மண்ணின் குறையைக் காட்டும் அறிகுறிகள் என்பது இவரது அடிப்படைக் கருத்தாகும். இக்கருத்துக்கு வலுவான சான்றுகளாக இவர் காட்டியவற்றுள் பழத்தோட்டங்களில் நடத்திய ஆய்வுகள் முக்கியமானவை.

பிறப்பும் கல்வியும்

ஹோவார்ட் இங்கிலாந்தின் சிராப்சயர் மாவட்டத்தில் உள்ள பிஷப்ஸ் காசில் என்னும் ஊரில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். இலண்டன் அரச அறிவியல் கல்லூரியிலும், பின்னர் கேம்பிரிட்ஜ் செயின்ட் ஜான்சு கல்லூரியிலும் பயின்றார். 1899 இல் மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்று, பார்படோசு தீவில் வேளாண்மை விரிவுரையாளராகவும் பூஞ்சை நோய் ஆய்வாளராகவும் பணியாற்றினார். அங்கு கரும்பு முதலிய பயிர்களின் நோய்களை ஆய்வுக்கூடத்தில் அமர்ந்து ஆராயும் பணியே அவருக்குக் கிடைத்தது. சொந்தமாகப் பயிர் செய்ய நிலம் இல்லை. தானே செய்து பாராத ஒன்றை உழவருக்கு எவ்வாறு பரிந்துரைப்பது என்ற கேள்வி அவருக்கு அங்கு எழுந்தது. 1903 முதல் 1905 வரை இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் உள்ள வை வேளாண் கல்லூரியில் தாவரவியலாளராக இருந்தார்.

பூசாவில் பணி

அமெரிக்கச் செல்வந்தர் ஹென்றி பிப்ஸ் அளித்த நன்கொடையின் உதவியால், பீகார் மாநிலத்தில் உள்ள பூசாவில் இந்திய அரசு 1905 இல் வேளாண் ஆராய்ச்சி நிலையம் ஒன்றைத் தொடங்கியது. அதே ஆண்டில் ஹோவார்ட் அங்கு பொருளியல் தாவரவியலாளராக நியமிக்கப்பட்டார். இம்முறை அவர் தன் விருப்பப்படி பயிர் செய்ய 75 ஏக்கர் நிலம் கேட்டுப் பெற்றார்.

பூசாவைச் சுற்றியிருந்த உழவர்கள் பூச்சிக்கொல்லியோ பூஞ்சைக்கொல்லியோ பயன்படுத்தவில்லை. செயற்கை உரமும் அவர்களிடம் இல்லை. எனினும் அவர்களது பயிர்களில் நோய் மிகக் குறைவாக இருப்பதை ஹோவார்ட் கண்டார். எனவே அவ்வுழவர்களையும், பயிரைத் தாக்கும் பூச்சிகளையும் தன் ஆசிரியர்களாகக் கொண்டு அவர்களது முறைகளைக் கற்கத் தொடங்கினார். தானியத்துடன் பயறு வகைகளைக் கலந்து விதைப்பது, மண்ணில் காற்றோட்டம் குறையாமல் காப்பது, நிலத்திலிருந்து எடுத்ததை நிலத்துக்கே திருப்பித் தருவது ஆகியவை அவர் அங்கு கற்றவற்றுள் சில ஆகும்.

பூசாவில் உருவாக்கப்பட்ட பூசா 4, பூசா 12 ஆகிய கோதுமை வகைகள் பின்னாளில் பல இலட்சம் ஏக்கரில் பயிரிடப்பட்டன. அவுரிச் செடியின் வாடல் நோயையும் ஹோவார்ட் ஆராய்ந்தார். மழைக்காலத்தில் மண்ணில் காற்று குறைந்து வேர் அழிவதே அந்நோய்க்குக் காரணம் என்ற முடிவுக்கு வந்தார்.

கேப்ரியேல் ஹோவார்ட்

ஹோவார்ட் 1905 இல் கேப்ரியேல் மத்தேயி என்பவரைத் திருமணம் செய்துகொண்டார். கேப்ரியேல் கேம்பிரிட்ஜில் பயின்ற தாவர உடலியல் அறிஞர் ஆவார். எஃப். எஃப். பிளாக்மனுடன் இணைந்து ஒளிச்சேர்க்கை பற்றி அவர் செய்த ஆய்வுகள் அறிவியல் உலகில் ஏற்கெனவே அறியப்பட்டிருந்தன. இந்தியாவில் தொடக்கத்தில் பதவி ஏதுமின்றிக் கணவருடன் பணியாற்றிய அவர், 1913 இல் இரண்டாம் பொருளியல் தாவரவியலாளராக நியமிக்கப்பட்டார். கோதுமை ஆய்வு, பழமர ஆய்வு, இந்தூர் ஆய்வு ஆகிய அனைத்திலும் அவருக்குச் சம பங்கு உண்டு. இருவரும் இணைந்து பல நூல்களையும் கட்டுரைகளையும் வெளியிட்டனர். கேப்ரியேல் 1930 இல் காலமானார். கணவரின் புகழ்பெற்ற நூல்கள் அதன் பின்னரே வெளிவந்தமையால் அவரது பங்கு பெரிதும் மறக்கப்பட்டுவிட்டது.

குவெட்டா பழத்தோட்டம்

இன்று பாகிஸ்தானில் உள்ள குவெட்டா நகரில் ஒரு பழ ஆராய்ச்சி நிலையம் அமைக்கப்பட்டது. 1910 முதல் 1918 வரை ஹோவார்ட் இணையர் கோடைக் காலங்களில் அங்கு பணியாற்றினர். பீச், பாதாம் முதலிய மரங்கள் அங்கு வளர்க்கப்பட்டன. பாசன நீரைச் சிக்கனமாகப் பயன்படுத்துதல், சாப்டல் என்னும் தீவனப் பயிரைப் பசுந்தாள் உரமாக உழுதல், பழங்கள் நசுங்காமல் தொலைதூரச் சந்தைகளுக்கு அனுப்புவதற்கான பெட்டிகளை வடிவமைத்தல் ஆகியவை அங்கு ஆராயப்பட்டன.

குளிர்காலத்தில் அளவுக்கு மீறி நீர் பாய்ச்சினால் மண் இறுகி வேர்கள் பாதிக்கப்படுவதையும், அவ்வாறு பாதிக்கப்பட்ட மரங்களில் வசந்த காலத்தில் அசுவினி மிகுவதையும் ஹோவார்ட் கண்டார். நீரைக் குறைத்து மண்ணைக் கிளறிவிட்டபோது, மருந்து தெளிக்காமலேயே புதுத் தளிர்கள் தூய்மையாக வளர்ந்தன. பூச்சியைக் கொல்வதைவிட, பூச்சி ஏன் வந்தது என்று கேட்பதே பயன் தரும் என்ற அவரது கருத்து இங்கு வலுப்பெற்றது.

புல்லும் பழமரங்களும்

பூசாவில் மா, கொய்யா, இலிச்சி, சீத்தா, எலுமிச்சை, லோகாட், பிளம், பீச் ஆகிய மரங்களைக் கொண்டு ஹோவார்ட் ஒரு நீண்டகால ஆய்வை நடத்தினார். ஒரு பகுதியில் மரங்களின் அடியில் களை நீக்கப்பட்டது. இரண்டாம் பகுதியில் புல் வளர விடப்பட்டது. மூன்றாம் பகுதியில் புல்லுடன், உடைந்த செங்கல் நிரப்பிய காற்றோட்டப் பள்ளங்களும் அமைக்கப்பட்டன.

புல் வளர்ந்த பகுதியில் பெரும்பாலான இளமரங்கள் நலிந்தன, சில பட்டுப்போயின. கொய்யா மட்டும் மற்றவற்றைவிட நன்கு தாக்குப்பிடித்தது. காற்றோட்டப் பள்ளங்கள் இருந்த இடத்தில் பாதிப்பு குறைந்தது. புல்லின் அடியில் உள்ள மண்காற்றில் கரியமில வாயு மிகுவதும், மரத்துக்குச் சேர வேண்டிய நைட்ரேட்டைப் புல் எடுத்துக்கொள்வதும் இதற்குக் காரணங்களாகக் கூறப்பட்டன. இவ்வாய்வின் முடிவுகள் 1925 இல் வெளியாயின.

மரத்தின் வேர்களைத் தோண்டி ஆராய்ந்தபோது மற்றோர் உண்மையும் தெரியவந்தது. மழைக்காலத்தில் மேல்மண்ணில் பரவியுள்ள வேர்கள் இயங்குகின்றன. கோடையில் மேல்மண் காய்ந்தபின் ஆழத்தில் உள்ள வேர்களே மரத்துக்கு நீர் தருகின்றன. எனவே இரண்டு வகை வேர்களும் நலமாக இருந்தால்தான் மரம் ஆண்டு முழுவதும் செழிக்கும்.

இந்தூர் முறை

பயிர் இனப்பெருக்கம், பூஞ்சையியல், பூச்சியியல், மண் வேதியியல் எனத் தனித்தனித் துறைகளாகப் பிரிந்திருந்த பூசா நிலையத்தில், பயிரை முழுமையாக ஆராய இயலாது என்று ஹோவார்ட் கருதினார். ஆகவே 1924 இல் இந்தூரில் 300 ஏக்கர் நிலத்தில் தாவரத் தொழில் நிறுவனம் என்னும் புதிய அமைப்பு நிறுவப்பட்டபோது அதன் இயக்குநரானார். இந்தியப் பருத்தி மையக் குழுவும் மத்திய இந்தியச் சமத்தானங்களும் இதற்கு நிதியளித்தன. 1926 இல் இந்திய அறிவியல் மாநாட்டுக்கு இவர் தலைமை வகித்தார்.

இந்திய உழவரிடம் சாணம் இருந்தும் அதில் பெரும் பகுதி எரிபொருளாகப் போயிற்று. செடி, தழைக் கழிவுகள் வீணாயின. சீன உழவர்கள் பல நூற்றாண்டுகளாகக் கழிவுகளை மட்க வைத்து மண்வளம் காத்து வந்ததை எஃப். எச். கிங் என்னும் அமெரிக்கர் 1911 இல் வெளியான தம் நூலில் விவரித்திருந்தார். இவ்விரண்டையும் கருத்தில் கொண்டு, யஷ்வந்த் வாட் என்னும் வேதியியலாளரின் துணையுடன் ஹோவார்ட் உருவாக்கியதே இந்தூர் முறையாகும்.

இம்முறையில் ஏறத்தாழ 30 அடி நீளமும் 14 அடி அகலமும் 2 அடி ஆழமும் கொண்ட குழி வெட்டப்படுகிறது. தழைக் கழிவு, சாணம், கோமியம் ஊறிய தொழுவ மண், மரச்சாம்பல் ஆகியவை அடுக்கடுக்காக இடப்படுகின்றன. தழைக் கழிவு மூன்று அல்லது நான்கு பங்கும், கால்நடைக் கழிவு ஒரு பங்கும் என்பது பொதுவான அளவு. பருத்தித் தண்டு போன்ற கடினமான கழிவுகள் முதலில் வண்டிப் பாதையில் பரப்பப்பட்டு, சக்கரங்களால் நசுக்கப்பட்டன. காற்றும் ஈரமும் சமமாகக் கிடைக்கும்படி மூன்று முறை புரட்டிவிடப்படும் குவியல், சுமார் மூன்று மாதங்களில் மட்கி உரமாகிறது. இந்தூரில் 40 மாடுகளைக் கொண்டு ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 வண்டி உரம் தயாரிக்கப்பட்டது.

1933 இல் கென்யாவில் நைரோபிக்கு அருகில் உள்ள ஒரு காப்பித் தோட்டத்தில் இம்முறை தொடங்கப்பட்டது. பின்னர் தேயிலை, கரும்பு, சிசல் கற்றாழைத் தோட்டங்களுக்கும் பரவியது. காந்தியடிகள் 1935 இல் இந்தூர் நிறுவனத்தைப் பார்வையிட்டார். நகரக் குப்பைகளைப் புரட்டாமலேயே மட்க வைக்கும் பெங்களூர் முறையை சி. என். ஆச்சார்யா 1939 இல் உருவாக்கினார்.

வீட்டுத் தோட்டத்தில் பயன்பாடு

இந்தூர் முறையைச் சிறிய அளவில் வீட்டுத் தோட்டத்திலும் பின்பற்றலாம். அதற்குரிய அடிப்படைகள் வருமாறு:

- காய்ந்த சருகையும் பச்சைத் தழையையும் கலந்து இட வேண்டும். பச்சைத் தழை மட்டும் இட்டால் குவியல் அழுகி நாற்றமடிக்கும். சருகு மட்டும் இட்டால் மட்குவதற்கு நெடுநாள் ஆகும்.
- ஒவ்வோர் அடுக்கின் மீதும் சாணக் கரைசலும் சிறிது மண்ணும் தெளிக்க வேண்டும். அடுப்புச் சாம்பலைக் குறைந்த அளவே சேர்க்க வேண்டும்.
- குவியல் பிழிந்த துணியைப் போல ஈரமாக இருக்க வேண்டும். மழைக்காலத்தில் நீர் தேங்கும் குழியைவிடத் தரைமேல் அமைக்கும் குவியலே ஏற்றது.
- உள்ளே வெப்பம் ஏறித் தணிந்தபின் புரட்டிவிட வேண்டும். அந்த வெப்பமே களை விதைகளையும் ஈக்களின் புழுக்களையும் அழிக்கிறது.
- பழமரங்களுக்கு உரத்தை அடிமரத்தை ஒட்டி இடாமல், கிளைகளின் நிழல் விழும் வட்டத்தில் மேலாக இட்டு, மேல்வேர்கள் அறுபடாதவாறு சருகால் மூட வேண்டும்.

தமிழ்நாட்டுத் தொடர்பு

ஹோவார்டின் கருத்துகளுக்கு வலுச் சேர்த்த ஆய்வுகள் சில தமிழ்நாட்டில் நடைபெற்றன. நீலகிரியின் குன்னூரில் உணவூட்ட ஆய்வு செய்த இராபர்ட் மெக்காரிசன், கோவையைச் சேர்ந்த வேளாண் வேதியியலாளர் பி. விசுவநாத்துடன் இணைந்து, உரத்தின் தன்மைக்கேற்பத் தானியத்தின் சத்து மாறுகிறதா என்பதை ஆராய்ந்து 1926 இல் வெளியிட்டார். தொழுவுரம் இட்டு விளைந்த தானியம் மேலானது என்பது அவர்களது முடிவாகும். 1937-38 குளிர்காலத்தில் ஹோவார்ட் இந்திய, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களைப் பார்வையிட்டு, வேர்களுடன் கூடி வாழும் வேர்ப்பூஞ்சைகளை ஆராய்ந்தார்.

காடு தனக்குத் தேவையான உரத்தைத் தானே செய்துகொள்கிறது என்பது ஹோவார்டின் நூல்களில் மீண்டும் மீண்டும் இடம்பெறும் கருத்தாகும். தேனி மாவட்டத்தில் போடிநாயக்கனூருக்கு மேலே உள்ள ஏலமலைச் சரிவுகள் இக்கருத்தை விளக்கும் நல்ல எடுத்துக்காட்டாகும். அங்கு ஏலச்செடி காட்டு மரங்களின் நிழலில், அவை உதிர்க்கும் சருகின் மட்கில் வளர்கிறது. அதே வேளையில், பூச்சிக்கொல்லி மிகுதியாகத் தெளிக்கப்படும் பயிர்களுள் ஒன்றாகவும் ஏலம் உள்ளது. நிழல்மரங்கள் குறைந்து சருகு குறையும் இடத்தில் ஹோவார்ட் எழுப்பிய கேள்வி இன்றும் பொருந்தும். சிலமலை போன்ற அடிவார ஊர்களில் உள்ள மா, இலவம், தென்னைத் தோப்புகளில் உதிரும் இலையையும் மட்டையையும் எரிக்காமல் மட்க வைப்பதற்கும் இந்தூர் முறை ஏற்றதாகும்.

ஓய்வுக்குப் பின்

1931 இல் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பிய ஹோவார்ட், கேப்ரியேலின் தங்கை லூயிசைத் திருமணம் செய்துகொண்டார். 1934 இல் சர் பட்டம் பெற்றார். 1940 இல் வெளியான வேளாண் உயில் என்னும் பொருள்படும் நூல் அவருக்கு உலகப் புகழைத் தந்தது. அதைப் படித்த ஜே. ஐ. ரொடேல் 1942 இல் அமெரிக்காவில் இயற்கை வேளாண்மைக்கான இதழைத் தொடங்கினார். இங்கிலாந்தில் ஈவ் பால்ஃபர் முதலியோர் 1946 இல் மண் சங்கத்தை நிறுவினர். ஹோவார்ட் 1947 இல் இலண்டனின் பிளாக்கீத் பகுதியில் காலமானார்.

விமர்சனங்கள்

ஹோவார்டின் முடிவுகள் அனைத்தும் ஏற்றுக்கொள்ளப்படவில்லை. பூசாவில் தன் ஆறு இணை எருதுகள், நோயுற்ற மாடுகளுடன் மூக்கை உரசியும் கோமாரி நோய் பெறவில்லை என்றும், நல்ல மண்ணில் விளைந்த தீவனமே அதற்குக் காரணம் என்றும் அவர் கருதினார். ஒப்பீட்டுக் குழு இல்லாத இத்தகைய கவனிப்பை நிறுவப்பட்ட சான்றாகக் கொள்ள இயலாது. கோமாரிக்குத் தடுப்பூசியே உரிய வழி ஆகும். செயற்கை உரம் மண்ணை அழித்துவிடும் என்ற அவரது கூற்றையும் வேதியியலாளர்கள் மறுத்தனர். இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் நிலையத்தில் 1843 முதல் செயற்கை உரம் மட்டும் இடப்படும் வயல்களில் கோதுமை தொடர்ந்து விளைந்து வருவதை இதற்குச் சான்றாகக் காட்டலாம்.

மறுபுறம், மட்கு மண்ணின் அமைப்பையும் நீர்ப்பிடிப்பையும் மேம்படுத்துகிறது என்பதும், வேர்ப்பூஞ்சைகள் பல பயிர்களுக்கு மணிச்சத்தைத் தேடித் தருகின்றன என்பதும் பிற்கால ஆய்வுகளால் உறுதிப்பட்டுள்ளன. ஹோவார்ட் கற்றவற்றின் மூலம் இந்திய, சீன உழவர்களுடையது என்பதும், மேலைநாடுகளிலிருந்து புதியதாகத் திரும்பி வந்த முறையில் இந்நாட்டு அறிவும் அடங்கியிருந்தது என்பதும் பின்வந்தோரால் சுட்டிக்காட்டப்படுகின்றன. ஹோவார்ட் தம் நூல்களில் இக்கடனை வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டுள்ளார்.

முக்கிய நூல்கள்

- இந்தியாவில் கோதுமை (1909, கேப்ரியேலுடன்)
- இந்திய வேளாண்மையின் வளர்ச்சி (1927, கேப்ரியேலுடன்)
- வேளாண்மைக் கழிவுப் பொருட்கள் (1931, யஷ்வந்த் வாட்டுடன்)
- வேளாண் உயில் (1940)
- நலத்துக்கோ நோய்க்கோ உழவும் தோட்டமும் (1945)