மரமான மனிதனின் கதையைச் சொன்னவர்

மாயக்கதைகள் கற்பனையில் பிறப்பவை. எனினும் அவற்றுள் யார் தலைவர், யார் ஏவலர் என்பதை வாழ்க்கையின் ஏற்றத்தாழ்வே பெரும்பாலும் வகுத்துவிடுகின்றது. அமெரிக்க இலக்கியத்தில் அவ்வகுப்பினை மாற்றியெழுதிய முன்னோடிகளுள் ஒருவர் சார்லஸ் செஸ்நட் ஆவார்.

அவர் 1858 ஜூன் 20 அன்று கிளீவ்லாந்தில், அடிமைத்தளைக்கு உட்படாத கறுப்பினப் பெற்றோருக்குப் பிறந்தார். வட கரோலினாவின் ஃபயட்வில் நகரில் வளர்ந்தார். இளமையிலேயே ஆசிரியராகி, கறுப்பின ஆசிரியர் பயிற்சிப் பள்ளியின் தலைவராக உயர்ந்தார். தோற்றத்தால் வெள்ளையராகவே வாழ்ந்திருக்கக் கூடியவர். ஆயினும் தம் இனத்தைத் துறக்க மறுத்தார். பின்னர்க் கிளீவ்லாந்து திரும்பிச் சுருக்கெழுத்துப் பணியால் பொருளீட்டினார்; 1887இல் வழக்குரைஞர் தேர்விலும் வென்றார்.

அந்நாளில் ஜோயல் சாண்ட்லர் ஹாரிஸ் படைத்த ரீமஸ் கிழவர் பெரும்புகழ் பெற்றிருந்தார். வெள்ளைச் சிறுவனுக்கு முயல்கதை சொல்லி, பண்ணைக்காலத்தை ஏக்கத்தோடு நினைக்கும் கறுப்பர் அவர். செஸ்நட் அவ்வடிவத்தையே கையாண்டு உள்ளீட்டை மாற்றினார். 1899இல் வெளிவந்த ‘மந்திரக்காரி’ தொகுப்பில், வடக்கிலிருந்து வந்து தோட்டம் வாங்கிய வெள்ளைத் தம்பதியர்க்கு ஜூலியஸ் என்னும் முதியவர் கதை சொல்கிறார். கதைக்குள்ளே தம் நலனையும் காத்துக்கொள்ளும் கூர்மதியாளர் அவர்.

அவற்றுள் சாண்டியின் கதை நெஞ்சை உலுக்குவது. உடையவன் அவனை உறவினர் பண்ணைகளுக்கு மாறி மாறி அனுப்புகிறான். பிரிவுக்கு அஞ்சிய மனைவி டெனி, மந்திரத்தால் அவனை மரமாக்குகிறாள். அவள் வேறிடம் அனுப்பப்பட்ட வேளையில் அம்மரம் வெட்டப்படுகிறது. திரும்பியவள் கண்முன்னே பலகைகளாக அறுக்கப்படுகிறது. கணவனோடு ஓரிடத்தில் வாழும் உரிமையற்றவளுக்கு மாயமே புகலிடம். அதுவும் அவளைக் காக்கவில்லை.

இத்தகைய நூலின் அட்டையில் ஒரு கறுப்பு முதியவர் முகத்தையும் இருபுறமும் முயல்களையும் பதிப்பகத்தார் பொறித்தனர். முயல்கதை இல்லாத நூலுக்கு முயல் முகப்பு! எழுத்தாளர் உடைத்த வார்ப்பினை அட்டை மீண்டும் ஒட்டவைத்தது.

வில்மிங்டனில் 1898இல் நிகழ்ந்த இனவன்முறையை அடியொற்றி 1901இல் அவர் எழுதிய புதினம் எதிர்பார்த்தபடி விற்கவில்லை. முழுநேர எழுத்தைக் கைவிட்டு மீண்டும் சுருக்கெழுத்துக்கே சென்றார். 1928இல் ஸ்பிங்கார்ன் பதக்கம் பெற்றார்; 1932 நவம்பர் 15 அன்று மறைந்தார்.

பிறர் துயரைப் பாடப் புகும் கவிஞர்கள் அந்த அட்டையை நினைவிற்கொள்வது நன்று. ஒருவரின் கதையைக் கேளாமலே அவர் முகத்தை வரைந்துவிடுதல் எளிது. அறுபடும் மரத்துள் ஒரு மனிதன் இருப்பதை உணர்தலே அரிது.