காரைக்கால் ஈன்ற முதலமைச்சர் பாரூக் மரைக்காயர்

காவிரியின் கடைமடையில், மூன்று புறமும் தமிழ்நாட்டு ஊர்கள் சூழ, கிழக்கே கடலை எல்லையாகக் கொண்டு விளங்குவது காரைக்கால். ஏறத்தாழ 160 சதுர கிலோமீட்டர் பரப்பேயுடைய இப்பகுதி, 1739ஆம் ஆண்டு தஞ்சை மன்னரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. அதன் ஆட்சித் தலைமையிடமான புதுச்சேரியோ வடக்கே நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. தலைநகரினின்றும் பிரிந்து கிடக்கும் இச்சிறு நிலத்தில் தோன்றி, மும்முறை புதுவையின் முதலமைச்சராய் வீற்றிருந்தவர் எம். ஓ. எச். பாரூக் மரைக்காயர் ஆவார்.

அவர் 1937ஆம் ஆண்டு செப்டம்பர் 6ஆம் நாள் காரைக்காலில் பிறந்தார். மாணவப் பருவத்திலேயே பிரெஞ்சிந்திய விடுதலை இயக்கத்தில் ஈடுபட்டார். 1954 அக்டோபர் 18இல் கீழூரில் நடைபெற்ற வாக்கெடுப்பில், 178 மக்கள் பிரதிநிதிகளுள் 170 பேர் இந்தியாவுடன் இணைய இசைந்தனர். நவம்பர் முதல் நாள் ஆட்சி கைமாறியது. அப்போது பாரூக்கிற்கு அகவை பதினேழு.

பத்தாண்டுகள் கழிந்து, 1964ஆம் ஆண்டுத் தேர்தலில் வென்று சட்டப்பேரவை புகுந்தார். பேரவையின் 30 இடங்களுள் காரைக்காலுக்குரியவை ஆறே. அவ்வாறிருந்தும் இருபத்தேழாம் வயதிலேயே பேரவைத் தலைவர் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. உறுப்பினர் இருவரோ மூவரோ அணி மாறினும் ஆட்சி கவிழத்தக்க சிறு அவை அது. அத்தகைய அவையில் நடுவராக அமர்வோர்க்கு இருதரப்பாரின் நம்பிக்கையும் இன்றியமையாதது.

1967 ஏப்ரல் 9இல் காங்கிரசு அமைச்சரவையின் முதல்வராகப் பொறுப்பேற்றார். இருபத்தொன்பது வயதில் இந்தியாவின் மிக இளைய முதலமைச்சர் என்னும் பெயரும் பெற்றார். எனினும் அவ்வாட்சி பதினொரு திங்களே நீடித்தது. 1969ஆம் ஆண்டுத் தேர்தலில் திராவிட முன்னேற்றக் கழகத்தின் சார்பில் மீண்டும் முதல்வரானார். கழகம் பெற்ற இடங்கள் 15. பெரும்பான்மைக்கு ஓரிடம் குறைவு. இந்தியப் பொதுவுடைமைக் கட்சியின் மூவர் துணைநிற்க ஆட்சி அமைந்தது. பிரெஞ்சு ஆட்சிக் காலத்திலேயே ஆலைத் தொழிலாளரின் உரிமைக்காகப் போராடிய முதுபெருந் தலைவர் வ. சுப்பையா அவ்வமைச்சரவையில் இடம்பெற்றார். தம்மினும் 26 ஆண்டு மூத்த அப்பெரியாரை உடன்வைத்து ஆட்சி நடத்துதல் இளைஞர் ஒருவர்க்கு எளிய செயலன்று. 1972இல் கழகம் பிளவுற்றதன் அதிர்வு புதுவையையும் தாக்க, 1974 சனவரி 3ஆம் நாள் அவ்வாட்சியும் முடிவுற்றது.

இருமுறை பதவியிழந்தும் அவர் பொதுவாழ்வினின்றும் விலகினாரல்லர். காங்கிரசுக்குத் திரும்பி, 1985 மார்ச்சில் மூன்றாம் முறை முதல்வராகி, ஏறக்குறைய ஐந்தாண்டுக் காலமும் ஆட்சி செலுத்தினார். நாடாளுமன்றச் சட்டத்தின் வழி புதுவைப் பல்கலைக்கழகம் தோன்றியது அக்காலத்திலேதான். ஒன்றியப் பகுதியின் முதல்வர்க்குரிய அதிகாரமோ அளவுக்குட்பட்டது. துணைநிலை ஆளுநரையும் நடுவண் அரசையும் இசைவித்தே எதனையும் நிறைவேற்ற வேண்டும். அவ்வரம்பிற்குள் நின்றே அவர் பணியாற்றினார்.

பின்னர் 1991, 1996, 1999 ஆகிய ஆண்டுகளில் புதுவையின் ஒரே மக்களவைத் தொகுதி அவரைத் தேர்ந்தெடுத்தது. 1991இல் வானூர்திப் போக்குவரத்துத் துறையின் இணையமைச்சரானார். 2004இல் சவூதி அரேபியாவுக்கான இந்தியத் தூதராக அனுப்பப்பட்டார். அப்பணிக்காலத்தில், 2006ஆம் ஆண்டுக் குடியரசு நாள் விழாவிற்குச் சவூதி மன்னர் அப்துல்லா தலைமை விருந்தினராக வருகை தந்தார். ஐம்பதாண்டுகளுக்குப் பின் சவூதி மன்னர் ஒருவர் இந்திய மண்ணில் அடியெடுத்து வைத்த நிகழ்ச்சி அது.

2010இல் சார்க்கண்ட் மாநில ஆளுநரானார். அவ்வாண்டே அங்குக் குடியரசுத் தலைவர் ஆட்சி நடைபெற்றபோது, நிர்வாகப் பொறுப்பு முழுதும் அவர்மேல் விழுந்தது. கவிழ்ந்த ஆட்சியின் வலியைத் தாமே உணர்ந்த ஒருவர், ஆட்சியற்ற மாநிலத்தைக் காக்கும் நிலையில் அமர்ந்தார். 2011 செப்டம்பரில் கேரள ஆளுநராகப் பொறுப்பேற்ற அவர், 2012 சனவரி 26, குடியரசு நாளன்று சென்னையில் காலமானார். புதுவையில் அரசு மரியாதையுடன் நல்லடக்கம் செய்யப்பெற்றார்.

அவர் பிறந்த ஊரும் சிறிது. பிறந்த சமூகமும் புதுவையில் எண்ணிக்கையால் சிறிது. தம் ஊராரும் தம் சமயத்தாரும் மட்டும் அளிக்கும் வாக்குகளால் அவர் முதல்வராகியிருத்தல் இயலாது. மக்களவை சென்றிருத்தலும் இயலாது. பிறர் வைத்த நம்பிக்கையே அவரை உயர்த்தியது. ஊர்தோறும் சில குடும்பங்களாய் வாழ்ந்துவரும் நம் போன்றோர்க்கு இவ்வுண்மை நன்கு விளங்கும். சிறு தொகையினர் பொதுவாழ்வில் புகுங்கால், அண்டை வீட்டார் கொள்ளும் மதிப்பே அவர்க்குப் பெரும்பான்மையாகும். அதனை நாள்தோறும் ஈட்டவேண்டும். இழப்பினும் மனந்தளராது மீண்டும் ஈட்டவேண்டும். பாரூக் மரைக்காயரின் அரைநூற்றாண்டுப் பொதுவாழ்வு நமக்கு உணர்த்துவது இதுவே.