போல்ட்ஸ்மன்: அணுவை நம்பியவரின் துயரம்

லுட்விக் போல்ட்ஸ்மனை இயற்பியல் மாணவர்கள் ஒரு மாறிலியின் பெயராகவே அறிவர்; அந்த மனிதரைப் பற்றி நாம் பேசுவதில்லை. 1844-இல் வியன்னாவில் பிறந்த அவர், வெப்பம் என்பது கண்ணுக்குப் புலப்படாத அணுக்களின் ஓயாத இயக்கமே என்று நிறுவுவதில் வாழ்நாளைச் செலவிட்டார். மாக், ஓஸ்ட்வால்ட் போன்ற செல்வாக்கு மிக்க அறிஞர்களோ அணு உண்டென்பதையே ஏற்கவில்லை.

கிராட்ஸ் பல்கலைக்கழகம் பெண் என்பதற்காக ஹென்ரியெட்டேவுக்கு வகுப்பறையை மூடியபோது, மேல்முறையீடு செய்யத் தூண்டியவர் போல்ட்ஸ்மன். பின்னர் அவரையே மணந்தார். கதவடைப்பின் வலி அறிந்த நமக்கு இது சிறு செய்தியன்று.

1889-இல் பதினோரு வயது மகன் இறந்தான். பெருமகிழ்ச்சிக்கும் கடுஞ்சோர்வுக்கும் இடையே அவர் மனம் ஊசலாடியது. மியூனிக், வியன்னா, லைப்சிக், மீண்டும் வியன்னா என ஊர் மாறினார், அமைதி கிட்டவில்லை. 1903 முதல் மெய்யியலும் கற்பித்தார். அறிய முடிவது எது என்னும் கேள்வி அவரை விடவேயில்லை.

1906 செப்டம்பர் 5 அன்று, குடும்பத்துடன் துயினோ கடற்கரைக்குச் சென்றிருந்தபோது தம் உயிரை மாய்த்துக்கொண்டார். எதிர்ப்பாளர்களே அவரைக் கொன்றனர் என்பது எளிய கதை. நாம் அதை ஏற்கவில்லை. அது நெடுநாள் நோய். அக்கால மருத்துவத்திடம் அதற்கு விடையில்லை.

1908-இல் பெரனின் சோதனைகள் அணுவுக்குச் சான்றளித்தன. விரைவிலேயே ஓஸ்ட்வால்டும் ஒப்புக்கொண்டார்.